சீமைத் தபால் நாளின் இரண்டாவது ஓட்டம்

முப்பதுகளின் நடுவில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். ஹட்டன் பசாரில் எங்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை இருந்தது. கடையில் உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. ஆங்கிலம் ஓரளவு எழுத வந்ததால் தோட்டத்து ஆபீசில் ஒரு மேசை கிடைத்தது. பிற்பாடு கொழும்பில் பத்திரிகை வேலைக்குப் போனேன். எத்தனையோ பந்தயங்களைப் பற்றி எழுதினேன், கோப்பை வாங்கியவர்களைப் பார்த்தேன். ஆனாலும் ஓட்டக்காரர் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் அந்தத் தோட்டத்தின் தபால்காரர்தான்.

அவர் அரசாங்க ஆள் அல்ல, தோட்டம் வைத்திருந்த ஆள். காலை ஐந்தரைக்கு, பித்தளைப் பூட்டுப் போட்ட கான்வஸ் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஹட்டன் தபால் கந்தோருக்கு ஓடுவார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தபால் கந்தோரில் இருந்தது, மற்றது துரையின் பங்களாவில். இரவு ரயிலில் வந்த தபாலைப் பிரித்துப் பைக்குள் போட்டுப் பூட்டிக் கொடுத்ததும் திரும்பி ஏறுவார். துரை மலை சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது கடிதங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து மணி கழிந்து ஐந்து நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடையில் அவர் ஆபீஸ் வாசலுக்கு வருவார். முதல் வருடத்தில் நான் பார்த்த அளவில் இது தவறியதில்லை.

வாரத்தில் ஒரு நாள் அவருக்கு இரண்டாவது ஓட்டம் உண்டு. அது சீமைத் தபால் நாள். கப்பலுக்குப் போகும் தபாலை ஹட்டனில் மாலை நான்கு மணிக்குக் கட்டிவிடுவார்கள். துரை தன் கடிதங்களை எல்லாம் கடைசி நேரத்தில்தான் எழுதுவார். மூன்று மணிக்கு முன்னால் பை கைக்கு வந்தால் அதிசயம். வண்டி ரோட்டில் ஹட்டன் ஐந்து மைல். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, தேயிலைக்குள் இறங்கிப் போகும் ஒற்றையடிப் பாதையில் போனால் நான்கு மைல். அவர் எப்போதும் அதில்தான் இறங்குவார். நாற்பது நிமிடத்தில் ஹட்டனில் இருப்பார்.

அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். உயரமில்லை. குதிகால் தரையில் படாமல் சின்னச் சின்ன அடிகளாக வைத்து ஓடுவார். இறக்கத்தில் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். தோள் அசையாது, அதனால் பையும் குதிக்காது. செருப்புப் போட்டதில்லை. ஆயிரம் பேர் இருந்த தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நிற்கவேண்டியிராத ஒரே தொழிலாளி அவர்தான். எந்தக் கங்காணியும் அவரை அதட்ட முடியாது. அந்தப் பை அவருக்கு எவ்வளவு பெரியது என்பது அது போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் வருடத்தில் அவர் பத்தரைக்கு வர ஆரம்பித்தார். பிறகு பத்தேமுக்காலுக்கு. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளங்கை வெளுத்திருந்தது. முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே மெழுகு பூசியதுபோல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டு வளைவில் அவர் மண்சரிவைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டார். பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாலத்தடியில் முனி அடித்துவிட்டது என்றது லயம். சோம்பேறித்தனம் என்றார் கங்காணி. தோட்டத்து மருந்துக்காரர் அவர் நகத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது வயிற்றுப் பூச்சி மருந்தைப் பற்றித்தான். பிறகு தன்னிடமிருந்த பட்டியலைப் புரட்டினார். அதுவரை கொடுத்த மூன்று முறையும் மருந்து குடித்ததாக அதில் பெயர் இருந்தது. அப்படியானால் இது பழைய காய்ச்சலின் மிச்சம் என்று முடிவுகட்டி, கசப்பு மருந்தை மாதக்கணக்கில் ஊற்றிக் கொடுத்தார்.

சீமைத் தபால் ஒரு வாரம் தவறியது. அடுத்த மாதம் இன்னொரு முறை தவறியது. துரை பையை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னார். தபால்காரர் ஸ்டோர் முற்றம் பெருக்கும் வேலைக்குப் போனார். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலை அரைக்கும் தொழிற்சாலை. அந்த வேலையையும் அவரால் முழு நாள் செய்ய முடியவில்லை. பாதி நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

தவறு என்னுடையது. அதை நான் கண்டுபிடித்தது அடுத்த பூச்சி மருந்து நாளில்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலைப் பெரட்டில் எல்லாரையும் வெறும் வயிற்றில் நிறுத்தி அந்த மருந்தைக் கொடுப்பார்கள். அதன் நாற்றத்துக்குப் பாதிப் பேர் தேயிலைக்குள் ஓடி ஒளிவார்கள். அதனால் குடித்தவர்களுக்கு அன்று வேலை இல்லை, ஆனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், விழும் என்று ஏற்பாடு. யார் யார் குடித்தார்கள் என்ற பட்டியலை மருந்துக்காரருக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைத் திறந்து, அன்று பேர் விழுந்தவர்களை எல்லாம் வரிசையாக எழுதிவிடுவேன். சுலபமான வழி.

அன்றும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றுக்குப் பத்து. புதிதாகப் பை சுமந்தவர் வாசலில் வந்து பையை இறக்கினார். அதே நேரம் என் பேனா அவருடைய பெயரில் இருந்தது. பெரட்டு நடந்தபோது இவர் ஹட்டன் ரோட்டில் இருந்தார். மருந்தை இவர் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஓடியதற்காக இவருக்கும் அன்றைய பேர் உண்டு.

பேனாவைக் கீழே வைத்தேன். பழைய பட்டியல்களை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் பழைய தபால்காரரின் பெயர் என் கையெழுத்தில் இருந்தது.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, எழுதினதை எழுதினபடி விடும். துரை அறிஞ்சால் உமக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை."

"அந்த ஆளோட வேலை ஏற்கெனவே போயிருச்சுங்களே" என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மருந்துக்காரரிட்டைச் சொல்லும். துரையிட்டை வேண்டாம்" என்றார். நான் அவர் சொன்னபடியே செய்தேன். துரையிடம் கடைசிவரை சொல்லவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மருந்துக்காரர் சத்தம் போடவில்லை. "இவ்வளவு நாளும் காய்ச்சல் மருந்தையா ஊத்தினேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு அந்த ஒற்றையடிப் பாதை எங்கே இறங்குகிறது என்று கேட்டார். லயங்களுக்குக் கீழே, ஆட்கள் விடியற்காலையில் ஒதுங்கும் இடத்துக்குள்ளாக என்றேன். "அங்கதானே பூச்சியே இருக்கு. ஈர மண்ணு, வெறுங்காலு. தினமும் போறப்ப ஒரு தடவை வர்றப்ப ஒரு தடவை மிதிச்சிருக்கான்" என்றார்.

அன்று மாலை இருவருமாகப் பழைய தபால்காரரின் லயத்துக்குப் போனோம். அவர் தன் காம்பிரா அறையின் வாசலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கடைப் பழக்கத்தில் எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

முதலில் பேசியது மனைவிதான்.

"அப்பன்னா முனி இல்லையா?"

"இல்லம்மா, பூச்சி" என்றார் மருந்துக்காரர்.

"அய்யோ, ரெண்டு சேவலை அறுத்தேனே! முட்டையிடுற கோழியையும் நேந்துக்கிட்டேன். இந்த மனுசன் வயித்துல இருக்குற புழுவுக்கா நான் சேவல் குடுத்தேன்?"

தபால்காரர் சிரித்தார். சிரித்ததில் இளைப்பு வந்து எழுந்து உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஐயா, நீங்க எழுதினது பாதிதாங்க. மருந்து நாளுன்னு முதல் நாளே தெரியும். அன்னைக்கெல்லாம் நான் அரை மணி முந்தியே கிளம்பிருவேன். கங்காணி பார்த்துட்டா குடிக்க வச்சிருவாருன்னு. திரும்பி வந்து, லயமே படுத்துக்கிடக்குறதைப் பார்த்துச் சிரிப்பேன். பாதி உங்களது, பாதி என்னுது."

என் மீதிருந்த பாரத்தைக் குறைப்பதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. உள்ளதை அளந்து சொன்னார். பின்னால் பல பெரிய மனிதர்களிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். தன் தவறின் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவர்கள் மிகக் கொஞ்சம்.

இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை மருந்து குடித்தார். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பிறகு இரும்பு மருந்து. பல்லும் நாக்கும் கறுத்துப்போக நான்கு மாதம் குடித்தார். மனைவி தினமும் கீரையும் கருவாடும் சமைத்தார். தபால்காரர், மண் தின்னும் ஆசை தானாகவே விட்டுப்போனது என்று மருந்துக்காரரிடம் வெட்கத்தோடு சொன்னாராம். உள்ளங்கையில் நிறம் வந்தது. ஆனால் ஓட வரவில்லை.

அவர் மறுபடி ஓடப் பழகியதை என் ஜன்னல் வழியாகவே பார்த்தேன். ஸ்டோரிலிருந்து கேட் வரை போகும் ரோட்டில் ஒன்பது மதகுகள் இருந்தன. மாலைச் சங்கு ஊதியதும் விளக்குமாற்றை வைத்துவிட்டு முதல் மதகு வரை நடந்து திரும்பினார். ஒரு வாரம் அவ்வளவுதான். அடுத்த வாரம் முதல் மதகு வரை ஓடி, இரண்டாவது வரை நடந்தார். ஒருநாள் கூட்டினார், மறுநாள் குறைத்தார். எந்தக் கணக்கில் கூட்டுகிறார், குறைக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. நன்றாக ஓடுவதாக எனக்குப் பட்ட நாளுக்கு மறுநாள் ஒரு மதகு குறைந்திருக்கும்.

விடை கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தது. அது மூன்றாவது மதகுக்குப் பக்கத்தில். மாலை நிறுவைக்குக் கூடையோடு நிற்கும் பெண்கள் அவரைச் சும்மா விடுவதில்லை.

"என்ன தபாலு, நத்தைக்கு வழி விட்டுப் போறியா?"

முதல் நாட்களில் அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். பேச மூச்சு இருக்காது. அப்படிப் போன நாளுக்கு மறுநாள் ஒரு மதகு குறையும். ஓடிக்கொண்டே, நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு முழுப் பேச்சாகப் பதில் சொல்ல முடிந்தால் மறுநாள் ஒரு மதகு கூடும். இதை அவரே ஒருநாள் எனக்கு விளக்கினார். "என் கால் பொய் சொல்லுங்க. ஓடலாம் ஓடலாம்னு சொல்லும். வாய்தான் நெசம் சொல்லும்" என்றார்.

இது தெரிந்த பிறகு நான் ஜன்னலைத் திறந்தே வைத்தேன்.

"ஏய் தபாலு, எங்க கடுதாசிய எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

"எழுதத் தெரிஞ்சவனாப் பார்த்துக் கட்டியிருந்தா வாரம் ரெண்டு வந்திருக்குமே அக்கா!"

கொட்டகையே சிரித்தது. கூடையோடு நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை அசைத்து, அந்தப் பதிலில் எங்காவது மூச்சு உடைந்ததா என்று எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மறுநாள் அவர் ஏழாவது மதகு வரை ஓடினார்.

மருந்து குடித்து இதற்குள் பத்து மாதம் ஆகியிருந்தது. புதிதாகப் பை சுமந்தவர் நல்ல மனிதர், கனத்த உடம்பு. காலைத் தபாலை நடந்தே நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். சீமைத் தபால் நாளின் இரண்டாவது நடைதான் அவருக்கு எமன். மூன்று முறை கப்பலைத் தவறவிட்டார். ஒன்பது மதகும் ஓடி முடித்த வாரத்தில் பழைய தபால்காரர் ஆபீசுக்கு வந்தார். தன் பையை அவர் கேட்கவில்லை. சீமைத் தபால் நாளில் மத்தியானப் பையை மட்டும் கேட்டார். பெரிய கிளாக்கர் துரையிடம் போய்த் திரும்பினார்.

"ஒரு வாரம் பார்க்கலாமாம். நாலு மணிக்கு முதல் சேரவேணும். தவறினால் பிறகு இந்தப் பையைப் பற்றிக் கதைக்கவே வரக்கூடாதாம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"குறுக்காலை போனால் சேர்ந்திடலாம்தானே?"

"அந்தப் பாதையில இனி நான் எறங்க மாட்டேங்க. ரோட்டாலதான்."

பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் செக்ரோலைப் பார்த்தேன். தபால்காரருக்கு இப்போது ஒரு மைல் கூடுதல்.

அந்த வாரம் அரை நாள் லீவு கேட்டு, மத்தியானப் பஸ்ஸில் ஹட்டனுக்கு இறங்கினேன். வீட்டில் வேலை இருந்தது உண்மைதான். ஆனால் மூன்றரை மணிக்கு நான் தபால் கந்தோர் வராந்தாவில் நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டிக்கோயா ரோடு ஊருக்குள் நுழையும் முன் அரை மைல் ஏற்றம் இருக்கிறது. அதன் மேல்முனை வராந்தாவிலிருந்து தெரியும். உள்ளே சிங்களக் கிளாக்கர் ஒருவர் சாக்குகளுக்கு நூலும் அரக்கும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்கால். ரோட்டில் ஒரு மாட்டு வண்டியும், கம்பளி போர்த்திய இரண்டு பெண்களும் மட்டுமே வந்தார்கள். மூன்று ஐம்பது. ஏற்றத்தின் முனையில் அவர் தலை தெரிந்தது. பிறகு தோள். பிறகு முழு உடம்பும்.

அவர் நடந்து வந்தார்.

வராந்தாவின் விளிம்புக்கு வந்தேன். ஓடச் சொல்லிக் கத்தலாமா என்று நினைத்தேன். பத்து மாதமாகப் பார்த்ததை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் மறந்தேன். ரோடு சமமாகும் இடம் வந்ததும், யாரோ சொல்லி வைத்ததுபோல அவருடைய நடை ஓட்டமாக மாறியது. சின்ன அடிகள். தோள் அசையவில்லை. படி ஏறி, பையை இறக்கி, ஜன்னல் பலகையில் வைத்தார். சுவரில் மணி மூன்று ஐம்பத்து நான்கு.

கிளாக்கர் பூட்டைத் திறந்துகொண்டே, "மொகத, என்ன, மழையில் வந்ததா?" என்று பாதி சிங்களத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

"ஆமாங்க ஐயா, இந்த மழையில உங்க கடிகாரமாவது கொஞ்சம் நனைஞ்சு மெதுவா ஓடியிருக்கும்னு நம்பி வந்தேங்க."

முழுப் பேச்சு. நடுவில் எங்கும் உடையவில்லை.

ஏற்றத்தில் ஏன் நடந்தீர்கள் என்று கேட்டேன். என்னை அங்கே கண்டதில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. "அதுல ஓடியிருந்தா முன்னாடியே வந்திருப்பேங்க. வந்து இந்தப் படியில விழுந்திருப்பேன்" என்றார். மூன்று மணி கழிந்து ஒரு நிமிடத்துக்குப் பை கைக்கு வந்தது என்றும் சொன்னார். ஐந்து மைல், ஐம்பத்து மூன்று நிமிடம். திரும்பும்போது முழு வழியும் நடக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, பெட்டிக்கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் துரை பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவர் முகத்தில் அபூர்வமாக ஒரு மலர்ச்சி. முற்றத்தில் நின்ற தபால்காரரை உள்ளே அழைத்தார்.

"உனக்கு அதிர்ஷ்டம். நாளையிலிருந்து காலைப் பையும் உனக்குத்தான். துரை சொல்லிட்டார்."

 அவர் முகத்தை நான் கூர்ந்து பார்த்தேன். வாங்கிக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

"ஐயா, ஒரு மாசம் போகட்டுங்க. வாரத்துக்கு ஒண்ணு ஓடுறேன். இப்ப தினமும் எடுத்தேன்னா பத்து நாள்ல மறுபடி உக்காந்துருவேன். அப்புறம் யாரும் நம்பிக் குடுக்க மாட்டாங்க."

"உனக்கென்ன விசரோ? துரை தாறன் எண்டு சொல்லேக்கை, நீ பிறகு பார்ப்பம் எண்டு சொல்லுறியோ?"

"நீங்களே பக்குவமாச் சொல்லிருங்கய்யா. உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும்."

பெரிய கிளாக்கர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சரி, ஒரு மாதம் என்று சொன்னாராம். பிறகு, பந்தயக் குதிரை வைத்திருப்பவனுக்குக்கூட இந்தப் புத்தி இருப்பதில்லை என்றாராம். பெரிய கிளாக்கர் இதை எங்களிடம் மூன்று நான்கு முறை சொல்லிக் காட்டினார்.

அந்த மாதம் நான்கு ஓட்டங்கள். நேரங்களைக் குறித்து வைத்திருந்தேன்: ஐம்பத்து மூன்று, ஐம்பத்து இரண்டு, மறுபடி ஐம்பத்து மூன்று, ஐம்பது. நான்காவது ஓட்டத்துக்கு மறுநாளும் அவர் வழக்கம்போல முற்றம் பெருக்கினார், முழு நாளும். விளக்குமாறு சுவரில் சாயவில்லை. பூச்சி மருந்து இனி தபால் ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாகத் தரப்படும் என்று மருந்துக்காரர் ஏற்பாடு செய்தார். பட்டியலுக்கு நான் தனி நோட்டு வைத்து, குடிக்கும் இடத்தில் நின்றே எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில், செக்ரோலோடு நான் நின்ற இடத்துக்கு எதிரே, கனத்த உடம்புக்காரர் பையோடு காத்துக்கொண்டிருந்தார். பழைய தபால்காரர் வந்தார்.

"இந்தாங்கண்ணே, புடிங்க. இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தீங்கன்னா இந்த மூட்டையோட நானே கப்பலேறியிருப்பேன்" என்றார் கனத்தவர். தோளைத் தேய்த்துக்கொண்டு, ஆசையாகவே பெரட்டு வரிசையில் போய் நின்றார்.

பழைய தபால்காரர் பையை முதுகில் வைத்து, துண்டை மார்புக்குக் குறுக்கே இறுக்கி முடிச்சுப் போட்டார். லயத்து வாசலில் மனைவி கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்.  முதல் மதகு வரை தபால்காரர் நடந்தார், கால் சூடாவதற்காக. அங்கிருந்து ஓடினார்.